சுவர்ப்படத்தில் தட்டையாகிப்போன இதயம்

வாசகர் கேள்விகள் – பதில்: ஓய்வுபெற்ற உடற்கூறியல் பேராசிரியர்

இந்த முறை வந்த கேள்விகளை மேசையில் பரப்பிப் பார்த்தேன். பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து கிளம்பியவை: பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் அந்த இதயப் படம். ஒரு பாதி நீலம், மறு பாதி சிவப்பு, நடுவில் நெட்டுக்குத்தாக ஒரு கோடு. எனக்கும் அந்தப் படத்துக்கும் பழைய பகை உண்டு. அதை மனப்பாடம் செய்துகொண்டு மருத்துவக் கல்லூரிக்கு வரும் முதலாண்டு மாணவர்கள், நிஜமான இதயத்தைக் கையில் வாங்கியதும் எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று தெரியாமல் திருதிருவென்று விழிப்பார்கள். ஆண்டுதோறும் இதே கதைதான். சரி, கேள்விகளுக்கு வருவோம்.

பாடப் புத்தகப் படத்தில் ‘வலது’ என்று எழுதியிருக்கும் பகுதி என் இடது கைப் பக்கம் இருக்கிறது. அச்சுப்பிழையா? இதயமே இடப்பக்கம்தானே இருக்கிறது? (ஒன்பதாம் வகுப்பு மாணவி)

அச்சுப்பிழை இல்லை அம்மா. படத்தில் இருப்பவர் உன்னைப் பார்த்து நிற்கிறார். அவருக்கு வலது, உனக்கு இடது. உடற்கூறியலில் எப்போதும் உடம்புக்குச் சொந்தக்காரரின் வலது, இடதுதான் கணக்கு.

இதயம் முழுக்க இடப்பக்கம் இல்லை. மார்பெலும்புக்குப் பின்னால், இரண்டு நுரையீரல்களுக்கு நடுவில் இருக்கிறது. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நடுக்கோட்டுக்கு இடப்புறம் தள்ளி இருக்கும். அதன் கூர்முனை இடப்புறமாகக் கீழே சாய்ந்து, ஐந்தாவது, ஆறாவது விலா எலும்புகளுக்கு நடுவே மார்புச் சுவரைத் தொடும். துடிப்பு நன்றாகத் தெரிவது அங்கேதான். அதனால்தான் எல்லோரும் இதயம் என்றதும் இடது மார்பில் கை வைக்கிறார்கள்.

இனிச் சொல்லப் போவது படத்தில் தெரியாத விஷயம். வலது பாதி, இடது பாதி என்று நாம் சொல்கிறோமே தவிர, உடம்புக்குள் அவை பக்கவாட்டில் அடுத்தடுத்து இல்லை. இதயம் ஒரு திருப்புத் திருப்பி வைத்ததுபோல் இருக்கிறது. இதயத்துக்குள் மேலறை இரண்டு, கீழறை இரண்டு என நான்கு அறைகள். மார்பெலும்புக்கு நேர் பின்னால், முன்வரிசையில் இருப்பது வலது கீழறை. இடது மேலறையோ முதுகுப் பக்கமாக, உணவுக்குழாயை ஒட்டி இருக்கிறது. இடது மேலறையைத் தெளிவாகப் பார்க்க வேண்டுமென்றால் மருத்துவர்கள் எக்கோ (ஒலி அலைகளால் இதயத்தைப் படம் பிடிக்கும்) கருவியின் குழாயை வாய்வழியாக உணவுக்குழாய்க்குள் இறக்குவார்கள். மார்பு வழியாகப் பார்ப்பதைவிட அது மிகக் கிட்டத்தில் இருக்கும் ஜன்னல். முன்னால் நின்று பார்த்தால் இடது கீழறையின் ஓரம் மட்டும் ஒரு பட்டையாகத் தெரியும், அவ்வளவுதான்.

கீழறைகளைக் குறுக்கே வெட்டினால் இன்னும் வேடிக்கை. இடது கீழறை தடித்த சுவரோடு வட்டமாக இருக்கும். வலது கீழறை, தோளில் போர்த்திய துண்டு மாதிரி, அதன் மேல் பிறை வடிவில் சுற்றிக்கொண்டிருக்கும். நடுவில் நேர்க்கோடு போட்டுச் சரிபாதியாகப் பிரித்த படம் இதையெல்லாம் எப்படிச் சொல்லும்?

கையில் நரம்பு நீலமாகத் தெரிகிறது. கெட்ட ரத்தம் நீலம், நல்ல ரத்தம் சிவப்பு என்பது சரிதானே?

நீங்கள் பார்ப்பது நரம்பு இல்லை, சிரை. அதற்குள் ஓடுவது நீல ரத்தமும் இல்லை, அடர் சிவப்பு. பரிசோதனைக்கு ஊசி குத்தி எடுக்கும்போது சிரிஞ்சில் பார்த்திருப்பீர்களே? தோலுக்குள் ஒளி புகுந்து சிதறித் திரும்பும் விதத்தால் சிரை நம் கண்ணுக்கு நீலமாகப் படுகிறது.

‘கெட்ட’ ரத்தம் என்ற பேச்சையும் விட்டுவிடுங்கள். ஓய்வாக இருக்கும்போது உடலைச் சுற்றி இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தில், கிளம்பும்போது இருந்த ஆக்சிஜனில் ஏறக்குறைய முக்கால் பங்கு அப்படியே இருக்கும். அது கழிவு நீர் இல்லை. ஓடும்போது, மாடி ஏறும்போது தசைகள் கூடுதலாக எடுத்துக்கொள்ள அந்தக் கையிருப்புதான் உதவுகிறது.

அப்புறம் ஒன்று. தமனி என்றால் ஆக்சிஜன் நிறைந்த ரத்தம், சிரை என்றால் ஆக்சிஜன் குறைந்த ரத்தம் என்று எழுதாதீர்கள். இதயத்திலிருந்து வெளியே கொண்டுபோவது தமனி, இதயத்துக்குக் கொண்டுவருவது சிரை. நுரையீரல் தமனியில் ஓடுவது ஆக்சிஜன் குறைந்த ரத்தம். நான்கு நுரையீரல் சிரைகளில் வருவதோ உடம்பிலேயே ஆக்சிஜன் மிகுந்த ரத்தம்.

இடது கீழறையின் சுவர் வலதைவிட மூன்று மடங்கு தடிப்பு என்று படித்தேன். அப்படியானால் அது மூன்று மடங்கு ரத்தத்தை வெளியேற்றுகிறதா?

இந்தக் கேள்விக்காகவே இந்த இதழில் பதில் எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம்.

இல்லை. இரண்டும் வெளியேற்றும் அளவு ஒன்றுதான். ஓய்வில் ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 70 மில்லி. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் கிட்டத்தட்ட 5 லிட்டர். பெரியவர் ஒருவரின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆக, ஒரு நிமிடத்துக்குள் முழு ரத்தத்தின் அளவும் இதயத்தைக் கடந்துவிடுகிறது.

வித்தியாசம் அழுத்தத்தில். வலது கீழறை பக்கத்திலேயே இருக்கும் நுரையீரலுக்கு அனுப்புகிறது. அங்குள்ள குழாய்கள் எதிர்ப்புக் குறைந்தவை, 25 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் போதும். இடது கீழறை உச்சந்தலை முதல் கால்விரல் வரை அனுப்ப வேண்டும், அதற்கு 120. அந்த உழைப்புக்குத்தான் அந்தத் தசை.

அளவு ஏன் சமமாக இருந்தாக வேண்டும்? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வலது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் இடதைவிட ஒரே ஒரு மில்லி கூடுதலாக அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 70 மில்லி நுரையீரலில் தேங்கும். ஒரு மணி நேரத்தில் 4.2 லிட்டர். உடம்பின் ரத்தம் ஏறக்குறைய முழுவதும் நுரையீரலில் போய் நிற்கும்! உண்மையில் அதற்கு வெகு முன்பே மூச்சுத் திணறல் வந்துவிடும். இடது பக்கம் பலவீனமாகும்போது நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வதன் காரணமும் இதுவே.

அப்படியானால் இரண்டையும் ஒரு மில்லி பிசகாமல் சமன் செய்வது யார்? யாரும் இல்லை. தசையே செய்துகொள்கிறது. ஓர் அறைக்குள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக ரத்தம் வந்தால் அதன் சுவர் கூடுதலாக இழுபடும். இழுபட்ட இதயத் தசை அடுத்த துடிப்பில் கூடுதல் விசையோடு சுருங்கி, வந்ததை வெளியே அனுப்பிவிடும். ஓட்டோ ஃபிராங்க், எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற இருவர் பெயரால் இதற்கு ஃபிராங்க்–ஸ்டார்லிங் விதி என்று பெயர். எத்தனை முறை நடத்தினாலும் எனக்கு அலுக்காத பாடம் இது ஒன்றுதான். இதைத் தேர்வுக்கு ‘இரண்டு மதிப்பெண் கேள்வி’ என்று வைத்திருப்பவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு.

ரத்த ஓட்டத்தை வில்லியம் ஹார்வி கண்டுபிடித்தார் என்கிறார்கள். அதற்கு முன் ரத்தம் ஓடுவது யாருக்கும் தெரியாதா?

அசைவது தெரியும். சுற்றி வருவதுதான் தெரியாது. பண்டைய மருத்துவர் கேலன் சொன்னதை ஐரோப்பா ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நம்பியது: உணவிலிருந்து கல்லீரல் ரத்தத்தை உண்டாக்குகிறது, உறுப்புகள் அதை எடுத்துத் தீர்த்துவிடுகின்றன. இதயத்தின் நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே வலதிலிருந்து இடதுக்கு ரத்தம் கசிகிறது என்றும் அவர் சொன்னார். 13ஆம் நூற்றாண்டிலேயே இப்னு அல்-நஃபீஸ் என்ற அரபு மருத்துவர், அந்தச் சுவரில் துளையே கிடையாது, ரத்தம் நுரையீரல் வழியாகத்தான் இடப்பக்கம் வருகிறது என்று எழுதிவிட்டார். அவர் எழுதியது பரவலாகத் தெரியவந்தது 20ஆம் நூற்றாண்டில்தான்.

ஹார்வி தன் நூலை 1628இல் வெளியிட்டார். அவருடைய பலம் கத்தியில் இருந்ததைவிடக் கணக்கில் அதிகம் இருந்தது. ஒரு துடிப்புக்கு வெளியேறும் ரத்தத்தை எவ்வளவு குறைத்து வைத்துக்கொண்டாலும், அரை மணி நேரத்தில் வெளியேறுவது உடம்பில் உள்ள மொத்த ரத்தத்தை மிஞ்சுகிறது. இவ்வளவையும் சாப்பாட்டிலிருந்து உண்டாக்க யாராலும் முடியாது. ஆகவே அதே ரத்தம்தான் திரும்பத் திரும்ப வருகிறது.

கையில் கட்டுப் போட்டும் காட்டினார். மேற்கையை இறுகக் கட்டினால் நாடி நிற்கும், கை குளிர்ந்துபோகும். கட்டைக் கொஞ்சம் தளர்த்தினால் ஆழத்தில் இருக்கும் தமனி திறந்துகொள்ளும், மேலாக இருக்கும் சிரை அடைபட்டே இருக்கும். கை சிவந்து வீங்கி, சிரைகள் புடைக்கும். வந்த ரத்தத்துக்குத் திரும்பிப் போக வழியில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? சிரைகளுக்குள் இருக்கும் வால்வுகளை அவருடைய ஆசிரியர் ஃபப்ரீசியஸ் முன்பே விவரித்திருந்தார். ஆனால் அவை இதயத்தை நோக்கி மட்டுமே வழிவிடுகின்றன என்பதன் பொருளைப் பிடித்தவர் மாணவர்தான்.

ஒரு ஓட்டை மட்டும் பாக்கி இருந்தது. தமனியிலிருந்து சிரைக்கு ரத்தம் எப்படிப் போகிறது என்பதை ஹார்வி பார்க்கவில்லை. 1657இல் இறந்துபோனார். 1661இல் மார்செல்லோ மால்பீகி நுண்ணோக்கியில் தவளையின் நுரையீரலைப் பார்த்து, தமனியையும் சிரையையும் இணைக்கும் நுண்ணிய குழாய்களான தந்துகிகளைக் கண்டார்.

‘லப்-டப்’ என்பது இதயம் சுருங்கும் சத்தமா?

இல்லை, வால்வுகள் மூடும்போது எழும் சத்தம். மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள மூவிதழ், ஈரிதழ் வால்வுகள் மூடும்போது ‘லப்’. நுரையீரல் தமனி, இடது கீழறையிலிருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெருந்தமனி இவற்றின் வாயில் உள்ள அரைச்சந்திர வால்வுகள் மூடும்போது ‘டப்’. வால்வுகளைத் திறப்பதும் மூடுவதும் ரத்த அழுத்தம்தான். கீழறைக்குள் இருக்கும் தசைநாண்கள் வால்வை இழுத்துத் திறக்கின்றன என்று சிலர் நடத்துகிறார்கள், தவறு. மூடிய இதழ்கள் மேலறைக்குள் புரண்டுவிடாமல் பிடித்து நிறுத்துவதே அவற்றின் வேலை.

இதயத்துக்குள்தான் எந்நேரமும் ரத்தம் நிரம்பி இருக்கிறதே, பிறகு எதற்கு அதற்குத் தனியாகக் கரோனரி தமனி?

நல்ல சந்தேகம். இடது கீழறையின் சுவர் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தடிப்பு. உள்ளே நிற்கும் ரத்தத்திலிருந்து ஆக்சிஜன் அவ்வளவு தூரம் ஊறிப்போக முடியாது. அதனால் பெருந்தமனி கிளம்பும் இடத்திலேயே, வால்வுக்குச் சற்று மேலே, இரண்டு கரோனரி தமனிகள் பிரிகின்றன.

இதில் ஒரு விசித்திரம். இடது கீழறை சுருங்கும்போது தன் தசைக்குள் ஓடும் குழாய்களைத் தானே நெரிக்கிறது. எனவே அதற்கு ரத்தம் பெரும்பாலும் தளர்ந்திருக்கும் நேரத்தில்தான் கிடைக்கிறது. துடிப்பு வேகமானால் குறைவது இந்தத் தளர்ச்சி நேரம். போதாததற்கு, இதயத் தசை ஓய்விலேயே தனக்கு வரும் ஆக்சிஜனில் பெரும்பகுதியை எடுத்துவிடுகிறது, மற்ற தசைகளைப்போல் கையிருப்பு இல்லை. கூடுதல் தேவை என்றால் கூடுதல் ரத்தம் வந்தே ஆக வேண்டும். கரோனரி குழாய் சுருங்கியவர்களுக்கு நடக்கும்போது மார்பு வலித்து, நின்றால் அடங்குவது இதனால்தான்.

மூளை சொல்லாமல் இதயம் துடிக்குமா?

துடிக்கும். வலது மேலறையின் சுவரில் இருக்கும் சைனோ ஏட்ரியல் கணு, அதாவது தானாகவே மின் தூண்டல் எழுப்பும் சிறு திசுத் திரள்தான் தாளம் போடுகிறது. ஆர்தர் கீத்தும் மார்ட்டின் ஃபிளாக்கும் 1907இல் அதை விவரித்தார்கள். மின் தூண்டல் மேலறைகளில் பரவி, நடுவில் உள்ள இன்னொரு கணுவில் பத்தில் ஒரு நொடி தாமதித்து, பிறகு கீழறைகளுக்கு இறங்கும். மேலறைகள் காலியாவதற்கு அந்தத் தாமதம் வேண்டும். நரம்புகள் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். மாற்று இதயம் பொருத்தும்போது அந்த நரம்புகள் அறுந்துவிடும், ஆனாலும் இதயம் துடிக்கிறது. வேகத்தைக் குறைக்கும் நரம்பும் போய்விடுவதால், ஓய்விலும் சற்று வேகமாகவே.

இதயத்துக்கு ஓய்வே கிடையாதா?

உண்டு. நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு 0.8 நொடி. அதில் கீழறைகள் சுருங்குவது 0.3 நொடிதான், மீதி 0.5 நொடி தளர்ந்திருக்கும்.

மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்ட வாசகருக்கு: நான் உடற்கூறு நடத்தியவன், அதைச் சொல்ல வேண்டியவர் உங்களைச் சோதித்த மருத்துவர். அவரைக் கேட்கும்வரை நிறுத்தாதீர்கள். சிறுநீரகம் பற்றிய கேள்விகளுக்கு அடுத்த இதழில் பதில் எழுதுகிறேன்.