மூலம் என்று நினைத்தீர்கள், வெடிப்பாக இருக்கலாம்

கேள்வி: கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். வயது 34. ஒரு மாதமாக மலம் கழிக்கும்போது கண்ணாடி கீறுவது போல வலி. வேலைக்குப் போன பிறகும் இரண்டு மணி நேரம் எரிகிறது. சில நாள் ரத்தமும் சொட்டுகிறது. மெடிக்கலில் மூல மாத்திரை வாங்கிச் சாப்பிட்டும் கேட்கவில்லை. டாக்டரிடம் காட்டக் கூச்சமாக இருக்கிறது.

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது ஆசனவாய் வெடிப்பு, அதாவது ஃபிஷர் போலத்தான் தெரிகிறது. உள்மூலத்தில் ரத்தம் வரும், பெரும்பாலும் வலி இருக்காது. வெடிப்பில் வலிதான் முக்கிய அறிகுறி. இறுகிய மலம் தோலைக் கிழிக்கிறது. உடனே உள்ளே இருக்கும் சுருக்குத் தசை இறுகிக்கொள்கிறது. மலம் கழித்த பிறகும் வலிக்க அந்த இறுக்கம்தான் காரணம். ரத்த ஓட்டம் குறைவதால் புண்ணும் ஆறாது. வலிக்குப் பயந்து அடக்கினால் மலம் இன்னும் கெட்டியாகும்.

தோட்டத்தில் கழிப்பறை இல்லை என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண்கள் ஏராளம். குளிரில் தாகமும் தெரியாது. நீங்களும் அப்படியா? ஃபிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுபோய்க் குடியுங்கள். காலையில் வீட்டிலேயே போய்விட்டு வர நேரம் ஒதுக்குங்கள். பீன்ஸ், கேரட், கீரை, கொய்யா எல்லாம் நம் சந்தையிலேயே கிடைக்கின்றன. இரவில் இசப்கோல் (மலத்தை இளக்கும் நார்ச்சத்து உமி) ஒரு ஸ்பூன் எடுக்கலாம், ஆனால் பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரோடு. தண்ணீர் குறைந்தால் அதுவே சிக்கல்.

மலம் கழித்ததும் அகலமான பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் உட்காருங்கள். தசை தளரும். உப்பு, டெட்டால் எதுவும் வேண்டாம். தசையைத் தளர்த்த டில்டியாசெம் 2% களிம்பு உண்டு, மருத்துவர் சீட்டில் வாங்க வேண்டும். வலி குறைந்ததும் நிறுத்திவிடாமல் 6 முதல் 8 வாரம் போட வேண்டும். அதற்கும் ஆறாவிட்டால் சிறிய அறுவை சிகிச்சை இருக்கிறது. 'ஒரே ஊசியில் குணம்' போர்டு பார்த்துப் போகாதீர்கள்; அந்த ஊசியால் புண் பெரிதாகி வருபவர்கள் உண்டு.

காய்ச்சலோடு வீக்கம், விண்விண்ணென்று வலி என்றால் சீழ் கட்டியிருக்கலாம், அன்றே போக வேண்டும். ரத்தம் மலத்தோடு கலந்து வந்தாலோ, எடை குறைந்தாலோ தள்ளிப்போடக் கூடாது.

அப்புறம் அந்தக் கூச்சம். வெளியே பார்த்தாலே வெடிப்பு பெரும்பாலும் தெரிந்துவிடும், வலிக்கும்போது உள்ளே விரல் விட்டுப் பார்க்க வேண்டியதில்லை. பெண் மருத்துவர் வேண்டும் என்று ஓ.பி.யில் தயங்காமல் கேளுங்கள். இந்த வாரமே போய்க் காட்டிவிடுங்கள்.