பதில்: என் ஆதாரில் வேறு யாரும் சிம் எடுத்திருப்பார்களா?

செல்போன் கடையில் ஆதார் ஜெராக்ஸை இரண்டு முறை வாங்கிக்கொண்டார்கள், அதிலிருந்து தூக்கமே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் சந்தேகம் நியாயமானதுதான். இன்றைக்கே பார்த்துவிடலாம்.

மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் செல்போன் எண்ணையும் ஓடிபியையும் கொடுத்தால் உங்கள் பேரில் ஓடும் இணைப்புகள் வரிசையாக வரும். தெரியாதது இருந்தால் ‘என் எண் இல்லை’ என்று குறித்து அனுப்புங்கள். தள்ளிப்போடாதீர்கள், அந்த எண்ணில் யாராவது மோசடி செய்தால் போலீஸ் முதலில் தேடுவது உங்களைத்தான்.

அப்புறம் உங்கள் பேரில் உள்ள கடன்களைக் காட்டும் சிபில் அறிக்கையையும் பாருங்கள், ஆண்டுக்கு ஒரு முறை இலவசம். வாங்காத கடன் அதில் இருந்தால் அங்கேயே ஆட்சேபம் பதிவு செய்துவிட்டு சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் போன் செய்யுங்கள்.

இனி லாட்ஜ் மாதிரி இடங்களில் கேட்டால், கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரைக் கொடுங்கள். ஆதார் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம்.