அதற்கு வைராக்கியம் என்று பெயர் வைக்காதீர்கள்

கேள்வி: பூர்வீக வீட்டில் பங்கு கேட்ட தங்கையுடன் ஆறு ஆண்டுகளாகப் பேச்சில்லை. தை மாதம் அவள் மகளுக்குத் திருமணம். பத்திரிகையைத் தபாலில் அனுப்பியிருக்கிறாள். சீருக்குப் பட்டுப்புடவை எடுத்துப் பீரோவில் வைத்திருக்கிறேன். ஆனால், அவள் நேரில் வந்து அழைக்காமல் போவதாக இல்லை. இது பிடிவாதம் என்கிறாள் மனைவி. வைராக்கியம் என்கிறேன் நான். இச்சொற்கள் எப்படி வந்தன, எது சரி?

பதில்: வைரம் பாய்ந்த மனம் என்பதிலிருந்து வைராக்கியம் வந்ததாகப் பலரும் நினைக்கிறார்கள், அது தவறு. 'ராகம்' என்ற வடசொல்லுக்குப் பற்று, ஆசை என்று பொருள். அது நீங்கிய நிலை 'விராகம்'. அதிலிருந்து பிறந்ததே வைராக்கியம். அலைபாயும் மனத்தைப் பயிற்சியாலும் வைராக்கியத்தாலும் அடக்கலாம் என்று கீதையின் 6ஆம் அத்தியாயம் சொல்வது இந்தப் பொருளில்தான். சுடுகாட்டில் நிற்கும்போது வந்து, வீடு திரும்பிக் குளித்ததும் போய்விடுகிற மயான வைராக்கியத்திலும் அந்தப் பழைய பொருளே இருக்கிறது. பின்னர் தமிழ்ப் பேச்சில் அது மன உறுதியைக் குறிக்கலாயிற்று. இப்போதோ, உறவை முறித்துக்கொண்டவர்கள் தங்கள் கோபத்துக்குச் சூட்டும் கௌரவப் பெயராகவும் ஆகிவிட்டது. பிடிவாதத்தில் 'பிடி' தமிழ், 'வாதம்' வடமொழி. எடுத்த வாதத்தை, அதன் நியாயம் போன பிறகும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது.

உங்கள் மனைவி சொல்வதே சரி. பற்று அற்றவர் புடவை எடுப்பாரா? கடை ஏறி, மருமகளுக்கு எந்த நிறம் எடுக்கும் என்று யோசித்து, கரையை விரித்துப் பார்த்து வாங்கியவர் நீங்கள். அந்தப் பெண்மேல் உள்ள பாசம் அப்படியே இருக்க, அவள் அம்மா வாசலில் வந்து நிற்க வேண்டும் என்ற ஒரே வாதத்துக்காக அதைப் பூட்டி வைத்திருக்கிறீர்கள். அந்தத் தங்கை செய்த குற்றம்தான் என்ன? பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான உரிமை மகளுக்கும் உண்டு என்று 2005ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டமே சொல்லிவிட்டது. அவள் கேட்டது பிச்சை அன்று. பேச்சை நிறுத்திய அண்ணன் வீட்டு வாசலை மிதிக்கத் தயங்கித்தான் தபாலில் அனுப்பியிருப்பாள் என்பது உங்களுக்குத் தோன்றவே இல்லையா?

வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தால்தான் வருவேன் என்று சொல்ல, தாய்மாமன் என்ன விருந்தாளியா? சீர் கொண்டுபோவது உங்கள் கடமை. பங்குத் தகராறு எதுவும் அதை ரத்து செய்துவிடாது என்பது என் உறுதியான எண்ணம். முதல் நாள் மாலையே மனைவியோடு மண்டபத்தில் இருங்கள். சொத்துப் பேச்சைத் திருமணம் முடிந்தபின் வக்கீலை வைத்துத் தீர்த்துக்கொள்ளலாம். இன்று தங்கைக்கு ஃபோன் செய்து, சீர்த் தட்டுகளை எத்தனை மணிக்குக் கொண்டுவர வேண்டும் என்று மட்டும் கேளுங்கள்.