கர்நாடக சங்கீதம் மட்டும் தெரிந்த நான், அமெரிக்காவில் ஊர் நாடகக் குழுவின் மியூசிக்கலுக்கு (பாட்டும் ஆட்டமும் கலந்த நாடகம்) ஆடிஷன் போகலாமா?

தாராளமாகப் போகலாம். நியூ ஜெர்சியில் இப்படி ஒரு கம்யூனிட்டி தியேட்டரில் கும்பலோடு கும்பலாகப் பாடி ஆடியிருக்கிறேன். ஆடிஷன் நாட்களில் வாசலில் உட்கார்ந்து படிவம் வாங்கும் வேலையும் பார்த்திருக்கிறேன், அதனால் இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும்.

நீங்கள் சொன்னது: பத்து வருஷம் பாட்டு கற்றிருக்கிறீர்கள், ஐந்தரை கட்டை சுருதி, நடித்ததில்லை, உங்கள் ஊரில் 'தி மியூசிக் மேன்' போடுகிறார்கள், ஒரு பாட்டிலிருந்து 16 பார் நீளமுள்ள துண்டு பாடச் சொல்கிறார்கள், கதாநாயகி மேரியன் வேஷம் கிடைக்குமா என்று ஆசை.

முதலில் அந்த ஆசையைப் பார்த்துவிடுவோம். ஐந்தரை கட்டை என்றால் பியானோவில் ஜி ஷார்ப். மந்திர பஞ்சமத்திலிருந்து (கீழ் ப) தார பஞ்சமம் (மேல் ப) வரை நன்றாகப் பேசும் குரல் என்றால், அங்கே உங்களை ஆல்டோ (பெண்களில் கீழ்க்குரல்) அல்லது மெஸ்ஸோ (நடுக்குரல்) என்று எழுதிக்கொள்வார்கள். மேரியன் சோப்ரானோவுக்கு, அதாவது பெண்களின் உச்சக் குரலுக்கு, எழுதிய பாத்திரம். உங்கள் தார பஞ்சமத்துக்கு மேலேயும் ஏறி, அங்கே கத்தாமல் மெல்லிய தலைக்குரலில் நிற்க வேண்டும். நம் பயிற்சியில் அந்த இடத்துக்கு யாரும் நம்மை அழைத்துப் போவதில்லை. ஆகவே மேரியன் கஷ்டம். ஆனால் மேரியனின் அம்மா, மேயரின் மனைவி யூலாலி, அவளைச் சுற்றி வம்பு பேசிக்கொண்டே பாடும் ஊர்ப் பெண்கள் எல்லோரும் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், அந்த நாடகத்தில் பெண்களுக்கு நிஜமான வேடிக்கை இந்தக் கூட்டத்தில்தான்.

உங்களுக்குச் சாதகமான விஷயமும் ஒன்று உண்டு. 1957-இல் நியூயார்க்கின் பெரிய நாடக மேடையான பிராட்வேக்கு வந்த இந்த நாடகம் லயத்தை நம்பி எழுதப்பட்டது. முதல் காட்சியில் ரயிலில் போகும் விற்பனையாளர்கள் ஒரு வாத்தியமும் இல்லாமல், ரயில் ஓடும் கதியிலேயே பேசிக்கொண்டு போவார்கள். ஏறக்குறைய கொன்னக்கோல், அதாவது நாம் வாயால் தாளச் சொற்கட்டு சொல்வது போல. ஆண்கள் போதாத குழுக்களில் அந்தப் பெட்டியில் பெண்களையும் ஏற்றிவிடுவது உண்டு. தாளம் பிசகாமல் சொற்களைக் கொட்டத் தெரிந்தவரை எந்த இசை இயக்குநரும் விடமாட்டார்.

இனி அந்த 16 பார். நாலு நாலு தட்டாக 64 தட்டு, அதாவது ஆதி தாளத்தில் எட்டு ஆவர்த்தனம். நடுத்தர வேகத்தில் அரை நிமிஷம் தாண்டினால் அதிகம். ஆலாபனைக்கு இடமில்லை. வேறு ஏதாவது அந்தக் காலத்து பிராட்வே பாட்டிலிருந்து, குரலும் முகமும் இரண்டும் தெரிகிற துண்டாக எடுங்கள். அறிவிப்பில் கேட்டாலொழிய அதே நாடகத்தின் பாட்டு வேண்டாம். அவர்கள் மனதில் ஏற்கெனவே ஒருவர் அதைப் பாடிக்கொண்டிருப்பார்.

பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுவது பியானோக்காரர் விஷயத்தில். அவர் உங்களை முன்பின் பார்த்ததில்லை, ஒத்திகை கிடையாது, காகிதத்தில் இருப்பதைத்தான் வாசிப்பார். "கொஞ்சம் சுருதி இறக்குங்க" என்று அங்கே நின்று கேட்கக் கூடாது. உங்கள் சுருதிக்கு மாற்றிய நோட்டேஷனை இணையத்திலேயே வாங்கலாம். ஆரம்பமும் முடிவும் தெளிவாகக் குறித்து, இரண்டு பக்கமும் அச்சடித்து மூன்று வளைய ஃபைலில் போடுங்கள். பளபளக்கும் பிளாஸ்டிக் உறை வேண்டாம், வெளிச்சம் பட்டால் ஒன்றும் தெரியாது. வேகத்தைச் சொல்ல விரல் சொடுக்கவும் வேண்டாம், அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள். ஒரு வரியை அவர் காதுக்கு மட்டும் பாடிக் காட்டினால் போதும்.

பாடும்போது கை தொடையில் தாளம் போடப் போகும். கட்டுப்படுத்துங்கள். கண்ணை மூடாதீர்கள். கமகமும் தானாக வந்து ஒட்டும்; ஸ்வரத்தை அசைக்காமல் நேராக நிறுத்திப் பாட ஒரு மாதமாவது பழக வேண்டும். உச்சரிப்பில் தமிழ் வாடை அடித்தால் பரவாயில்லை, ஆனால் சொல்லின் கடைசி மெய்யெழுத்தை விழுங்கினால் வார்த்தை புரியாது. யாரிடமோ எதையோ கேட்கிற மாதிரி பாடுங்கள். நம் இசை நாடக மேடையில் கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் அதைத்தானே செய்தார்கள்? கச்சேரிப் பழக்கம் அதை நமக்கு மறக்கடித்துவிட்டது.

ஆட்டம் பற்றிப் பயப்பட வேண்டாம். எல்லோரையும் சேர்த்து நிற்கவைத்து எட்டு எட்டாக எண்ணிச் சொல்லித் தருவார்கள். தப்பினாலும் முகத்தைச் சுளிக்காமல் அடுத்த எட்டில் சேர்ந்துகொண்டால் சரி. வசனம் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னால் எதிரில் இருப்பவரைப் பார்த்துப் படியுங்கள்.

படிவத்தில் எந்தெந்த நாள் வர முடியாது என்று கேட்பார்கள். இந்தக் காகிதத்தைப் பாட்டுக்குச் சமமாகப் பார்க்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு மேல், வாரம் மூன்று நாலு மாலை ஒத்திகை இருக்கும். அரங்கேற்றத்துக்கு முந்தைய டெக் வாரத்தில் (விளக்கு, ஒலி, செட் எல்லாவற்றோடும் ஒத்திகை பார்க்கும் வாரம்) தினமும் ராத்திரி நேரமாகும். இலையுதிர்கால நாடகம் என்றால் கொலுவும் தீபாவளியும் அதற்குள்தான் விழும். இப்போதே எழுதிவிடுங்கள். பிறகு சொன்னால் முகம் மாறும். சம்பளம் கிடையாது, சில குழுக்கள் உங்களிடமே சிறு கட்டணம் வாங்கும். அம்மாவுக்கு வாட்ஸப்பில் வீடியோ அனுப்பலாம் என்ற எண்ணமும் வேண்டாம், பொதுவாக உரிமம் கொடுக்கும் நிறுவனங்கள் பதிவு செய்யவிடுவதில்லை.

கதை 1912-இல் அயோவாவில் நடக்கிறதே, நம் முகம் பொருந்துமா என்று தயங்காதீர்கள். எல்லா இனத்தவரும் வரலாம் என்று இப்போது பல குழுக்கள் அறிவிப்பிலேயே போடுகின்றன. சில இடங்களில் முக்கிய வேஷங்கள் பழைய ஆட்களுக்கு என்று மனதுக்குள் முடிவாகியிருக்கும், அதுவும் உண்மைதான். கால்பேக், அதாவது மறுபடி வந்து பாடிக் காட்டச் சொல்லும் அழைப்பு, வரவில்லை என்றால் உடனே கைவிடவும் வேண்டாம். கூட்டத்தில் வருபவர்களைப் பலமுறை முதல் நாளிலேயே தேர்ந்துவிடுவார்கள்.

உங்கள் வீட்டுக்காரர் சுமாராகப் பாடுவார் என்றால் அவரையும் இழுத்துக்கொண்டு போங்கள். இந்த நாடகத்தில் ஸ்கூல் போர்டு உறுப்பினர்களாக நாலு ஆண்கள் நாலு குரலில் சேர்ந்து பாட வேண்டும். ஆண்கள் ஆடிஷனுக்கு வருவதே அபூர்வம், அதிலும் கீழ்க்குரல் பேஸ் கிடைத்தால் படிவம் நிரப்பும் முன்பே பெயர் கேட்பார்கள்.