படபடக்கும்போதே ஈசிஜி எடுங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் படபடப்பு பற்றித்தான்.

வயது 34. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை திடீரென்று படபடப்பு வருகிறது, நாடி 180. இருபது நிமிடத்தில் சட்டென்று நின்றுவிடும். ஆஸ்பத்திரியில் ஈசிஜி நார்மல். டென்ஷன் என்று தூக்க மாத்திரை கொடுத்தார்கள்.

இதைப் படித்ததும் கோபம்தான் வந்தது அம்மா, உங்கள் மேல் இல்லை. சுவிட்ச் போட்ட மாதிரி தொடங்கி சுவிட்ச் அணைத்த மாதிரி நின்றால் முதலில் எஸ்விடியைத்தான், அதாவது இதயத்தின் மேல் பகுதியில் மின் ஓட்டம் தடம் மாறி வரும் அதிவேகத் துடிப்பைத்தான், சந்தேகப்பட வேண்டும். பயத்தில் வரும் படபடப்பு மெல்ல ஏறி மெல்ல இறங்கும், சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு 180 வரை போகாது. ஆனால் வந்தவர் பெண் என்றால் டென்ஷன் என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள். இப்படிப் பல வருடம் தூக்க மாத்திரை விழுங்கிவிட்டு வந்தவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். துடிப்பு அடங்கிய பிறகு எடுத்த ஈசிஜி பெரும்பாலும் நார்மலாகத்தான் இருக்கும், அதை வைத்து நோய் இல்லை என்று சொல்லவே முடியாது. அடுத்த முறை பக்கத்தில் எந்தச் சின்ன கிளினிக் இருந்தாலும் சரி, படபடக்கும்போதே ஈசிஜி எடுத்து போனில் படம் பிடித்து வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருவதை, உடம்பில் மாட்டி 24 மணி நேரம் ஈசிஜி பதியும் ஹோல்டர் கருவியில் பிடிப்பது கஷ்டம். அப்புறம், அந்த நார்மல் ஈசிஜியையும் தூக்கிப் போடாதீர்கள். அதில் டெல்டா அலை என்ற சாய்வான தொடக்கம் இருந்தால் அது டபிள்யூபிடபிள்யூ, அதாவது பிறவியிலேயே இதயத்தில் ஒரு கூடுதல் மின்பாதை, மருந்தே மாறும்.

எஸ்விடி என்று உறுதியாகிவிட்டது. வீட்டிலேயே நிறுத்த முடியுமா?

முயன்று பார்க்கலாம். சாய்ந்து உட்கார்ந்து 10 மில்லி சிரிஞ்சின் முனையில் வாய் வைத்து, உள்ளே இருக்கும் தண்டு லேசாக நகரும் அளவுக்கு 15 நொடி ஊதுங்கள். உடனே மல்லாந்து படுக்க, இன்னொருவர் இரண்டு கால்களையும் தூக்கி 15 நொடி பிடிக்க வேண்டும். 2015இல் இங்கிலாந்தில் செய்த ஆய்வில் இப்படிச் செய்தவர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் நின்றது, வெறுமனே ஊதியவர்களில் பதினேழு பேருக்குத்தான். கண்ணை அழுத்தும் பழைய முறை வேண்டவே வேண்டாம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் இருந்தால் எதையும் முயலாமல் 108.

எஸ்விடியை நிறுத்த அடினோசின் ஊசி போட்டபோது உயிரே போவது போல இருந்தது. ஆபத்தா?

அந்த உணர்வு பலருக்கும் வரும், சில நொடிகளில் போய்விடும். ஆஸ்துமா இருந்தால் மட்டும் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

அப்பாவுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், இதயத்தின் மேல் அறைகள் தாறுமாறாகத் துடிக்கும் நோய். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தருகிறார்கள். ஆஸ்பிரினுக்கு மாற்றலாமா?

என்ன வயது, என்ன மாத்திரை, வால்வு எப்படி, எதுவுமே எழுதவில்லை. இதை வைத்து நான் என்ன சொல்வது? ஆஸ்பிரின் இதற்கு மாற்று இல்லை. இந்த நோயில் பக்கவாத அபாயம் சுமார் ஐந்து மடங்கு, அதைத் தடுக்கத்தான் அந்த மாத்திரை, நீங்களாக நிறுத்தாதீர்கள். ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியிருந்தால் வார்ஃபரின் வகைதான், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் 2க்கும் 3க்கும் நடுவில் இருக்க வேண்டும், கீரை அந்த மாத்திரையின் வேலையை மாற்றும் என்பதால் அதை வாராவாரம் ஒரே அளவில் சாப்பிடட்டும். வால்வு நன்றாக இருந்தால் புதிய மாத்திரைகள் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

ஸ்மார்ட் வாட்ச் போதுமா?

சந்தேகத்தைக் கிளப்பப் போதும். முடிவு செய்ய கிளினிக்கில் எடுக்கும் முழு 12 லீட் ஈசிஜி வேண்டும், அதுவும் படபடக்கும்போதே எடுத்தது.

எஸ்விடிக்கு அப்லேஷன் (கோளாறான மின்பாதையைக் குழாய் வழியே சுட்டு அழிப்பது) செய்தால் பேஸ்மேக்கர் வைக்க வேண்டி வருமா?

எஸ்விடியில் அதிகம் வரும் ஏவிஎன்ஆர்டி வகையில் நூற்றில் ஒருவருக்கு, அதற்கும் குறைவாகவே, அந்த நிலை வரும். நூற்றில் 95 பேருக்கு நோய் குணமாகிவிடுகிறது. அடிக்கடி வந்து அவதிப்படுகிறீர்கள் என்றால் தள்ளிப்போடாதீர்கள்.