பள்ளத்தாக்கில் வீடு வாங்குவோருக்கு

தெற்கு வேல்ஸின் பழைய நிலக்கரிச் சுரங்க ஊர்களில் வீடு வாங்குவது பற்றி வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த முறை பதில் தருகிறேன்.

கேள்வி: ரோந்தாவில் ஒரு வரிசை வீட்டை நேரில் பார்க்காமலே ஏலத்தில் எடுத்துவிட்டேன். கொல்லைச் சுவருக்குப் பக்கத்தில் மூடிய சுரங்க வாய் இருப்பதாக இப்போது சொல்கிறார்கள். முன்பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. ஏலத்தில் சுத்தியல் விழுந்த நொடியிலேயே ஒப்பந்தம் உறுதியாகிவிடுகிறது; பின்வாங்கினால் பத்து சதவீத முன்பணம் போய்விடும். வீட்டு எல்லையிலிருந்து 20 மீட்டருக்குள் சுரங்க வாய் இருந்தால், அதைச் சுரங்கச் சீரமைப்பு ஆணையத்தின் அறிக்கை காட்டிவிடும் (2024 நவம்பர் வரை இதன் பெயர் நிலக்கரி ஆணையம்). அதற்கான கட்டணம், நீங்கள் இப்போது இழக்கப் பயப்படும் தொகைக்கு முன் ஒன்றுமே இல்லை. ஊரில் வில்லங்கம் பார்க்காமல் ஒரு சென்ட் நிலம்கூட வாங்காத நம்மவர்கள், இங்கே படத்தைப் பார்த்து வீடு வாங்குவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. இனியாவது அந்த வாயின் நிலையை விளக்கும் விரிவான அறிக்கையைக் கேட்டு வாங்கி, கடன் தரும் வங்கியிடம் நீங்களே முதலில் காட்டுங்கள். நிலக்கரி தோண்டியதால் பின்னாளில் நிலம் இறங்கி வீடு சேதமானால், பழுதுபார்த்துத் தரவோ அதற்கான பணம் தரவோ 1991-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது.

கேள்வி: நாங்கள் பார்த்திருக்கும் கல் வீட்டில் முன்னறைச் சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது. சுவரின் அடியில் ரசாயனம் செலுத்தினால் சரியாகிவிடும் என்று ஒரு நிறுவனம் சொல்கிறது. நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தப் பள்ளத்தாக்குகளின் பழைய வீடுகள் பெரும்பாலும் பென்னன்ட் மணற்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் வைத்துக் கட்டியவை. கனத்த ஒற்றைச் சுவர். நடுவில் காற்றுக்கு இடைவெளி கிடையாது. மழையில் சுவர் குடித்த ஈரத்தைக் காய்ந்த நாட்களில் அந்தச் சுண்ணாம்புதான் வெளியே விடும். பின்னாளில் வெளியே சிமெண்டைப் பூசி, அதன்மேல் கூழாங்கல்லையும் பதித்து, ஈரம் வெளியேறும் வழியை அடைத்துவிட்டார்கள். அந்தப் பூச்சில் விழும் மயிரிழை விரிசல் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். திரும்பி வர வழியில்லாமல் அறைப்பக்கம் வந்து சேரும்.

நான் வாங்கிய முதல் வீடும் அப்படிப்பட்டதுதான். இருபது வருட உத்தரவாதத்தோடு ரசாயனம் செலுத்த ஒரு நிறுவனத்துக்குப் பணம் கட்டினேன். மூன்றாவது குளிர்காலத்தில் அலமாரியை நகர்த்தியபோது, பின்சுவரில் கோதுமை மாவைத் தூவியதுபோல் உப்புப் பூத்திருந்தது. விரலால் தொட்டதும் காரை பொலபொலவென்று உதிர்ந்தது. உத்தரவாதம் தந்த நிறுவனம் அதற்குள் கலைக்கப்பட்டிருந்தது. அந்தச் சுவருக்கு நேர் வெளியே கூரைத் தண்ணீர் வடியும் தகரக் கால்வாய் இணைப்பு விட்டு ஒழுகிக்கொண்டிருந்ததை ஒரு வயதான கொத்தனார் ஐந்தே நிமிடத்தில் காட்டினார். கால்வாயை மாற்றி, சிமெண்டை உரித்து, சுண்ணாம்பு பூசிய பிறகுதான் அந்த அறையில் என் மகள் இருமாமல் தூங்கினாள். ஆகவே, ரசாயனம் விற்காத, வீட்டின் நிலையைச் சோதித்துச் சொல்லும் ஒரு சர்வேயரைப் பிடித்து, பழைய கல் வீடுகளில் அவருக்கு அனுபவம் உண்டா என்று கேட்டு, அவருக்குக் கூலி கொடுங்கள். விற்பவரே இலவசமாகச் செய்யும் பரிசோதனை வேண்டாம்.

கேள்வி: கூரையின் உட்புறம் நுரை அடித்திருக்கிறார்கள். குளிர் தாங்கும் என்கிறார் விற்பவர்.

பதில்: பல வங்கிகள் அந்த நுரைக்காகவே கடன் மறுக்கின்றன, அதை அகற்றிய பிறகு விலை பேசலாம் என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: இங்கே எனக்கு வேறு வீடு இல்லை; யாழ்ப்பாணத்தில் என் பெயரில் ஒரு வீடு உண்டு. 1,40,000 பவுண்டுக்கு வாங்கினால் வரி வருமா?

பதில்: வரக்கூடும். வேல்ஸில் 2018 முதல் முத்திரைத் தீர்வைக்குப் பதிலாக நிலப் பரிமாற்ற வரிதான். ஒரே வீடு என்றால் 2,25,000 பவுண்டு வரை எதுவும் கட்ட வேண்டியதில்லை. ஆனால் வெளிநாட்டு வீடும் கணக்கில் சேரும். யாழ்ப்பாண வீட்டில் உங்கள் பங்கு 40,000 பவுண்டு அல்லது அதற்குமேல் பெறுமானால், கூடுதல் விகிதப்படி ஐந்து சதவீதம், அதாவது 7,000 பவுண்டு கட்ட நேரும். பத்திர வேலை பார்க்கும் வழக்கறிஞரான சொலிசிட்டரிடம் இதை மறைக்காதீர்கள்.

கேள்வி: என் கணவர் இறப்பதற்கு முன் வாங்கிய வீடு இது. 1967-இல் 99 ஆண்டுகளுக்குப் புதுப்பித்த குத்தகை நிலத்தில் இருப்பதாக இப்போதுதான் தெரிகிறது. சொந்த வீடு மாதிரிதான் என்று சொல்லி விற்றார்கள்.

பதில்: அம்மா, உங்கள்மேல் எந்தத் தவறும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மலைச்சரிவை 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட நிலப்பிரபுக்களின் மண்ணில், சுரங்கத் தொழிலாளர்கள் சங்கம் சேர்ந்து தங்கள் கூலிப் பணத்தில் வீடு கட்டினார்கள். கெடு முடிந்தால் மண்ணோடு வீடும் நிலப்பிரபுவுக்கே போய்விடும். இந்த அநியாயத்தை எதிர்த்து எழுந்த குரலும் சேர்ந்துதான் 1967-ஆம் ஆண்டுக் குத்தகைச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. அதன்படி நிலத்தையே விலைக்குக் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்க வேண்டும். இரண்டு வருடம் உரிமையாளராக இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் 2025 ஜனவரியில் நீங்கிவிட்டது. மீதி ஆண்டுகள் குறையக் குறைய விலை ஏறும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். குத்தகையைப் பற்றி வாய் திறக்காத சொலிசிட்டர் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். எட்டு வாரத்தில் தக்க பதில் வராவிட்டால் சட்டச் சேவைகளுக்கான குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் தெரிந்த நாளிலிருந்து ஒரு வருடம்தான் அவகாசம்.

கேள்வி: வீட்டுக்கு மேலே மலைச்சரிவில் புல் மூடிய சுரங்கக் கழிவு மேடு இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

பதில்: விசாரிக்க வேண்டும். 1966 அக்டோபர் 21 அன்று அபர்வானில் மெர்தர் வேல் சுரங்கத்தின் 7-ஆம் எண் மேடு சரிந்து, 116 குழந்தைகள் உட்பட 144 பேர் மாண்டார்கள். எஞ்சிய மேடுகளை அகற்றும் செலவுக்கு, அந்த மக்களுக்காகத் திரண்ட நன்கொடை நிதியிலிருந்தே 1,50,000 பவுண்டு எடுத்துக்கொள்ளப்பட்டது. 1997-இல் அதே தொகை வட்டியில்லாமல் திரும்பியது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. 2020 பிப்ரவரி மழையில் டைலர்ஸ்டவுனிலும், 2024 நவம்பரில் கும்டிலரியிலும் மேடுகள் சரிந்தன. வேல்ஸ் அரசு வெளியிட்டுள்ள வரைபடத்தில் உங்கள் மேடு சி, டி வகைகளில் இருக்கிறதா என்று பாருங்கள். அவை அடிக்கடி பரிசோதிக்கப்படுபவை. பிறகு, நல்ல மழை பெய்த மறுநாள் அங்கே ஏறி, வடிகால்களில் மண்ணும் கிளைகளும் அடைத்திருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். இறங்கி வரும்போது, அந்தத் தெருவில் நெடுநாள் குடியிருக்கும் ஒருவரிடம் 2020 பிப்ரவரியில் தண்ணீர் எந்தச் சந்து வழியாக வந்தது என்று கேளுங்கள். வாசலில் நின்றபடியே கையை நீட்டிக் காட்டுவார்.