நேட்டோவும் அமெரிக்காவும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த ராணுவக் கூட்டணியான நேட்டோ பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். ஆயுதம் விற்பதற்காகவே கிழக்கு ஐரோப்பிய நாடுகளை அமெரிக்கா அதற்குள் இழுத்துப்போட்டது, உக்ரைன் அதற்கு விலை கொடுக்கிறது என்பது என் எண்ணம். நீங்கள் இதைத் தொடாமல் நழுவிவிட்டீர்களே?

ஆர்., மதுரை

அன்புள்ள ஆர்.,

ஆயுத வியாபாரம் பொய்யல்ல. நேட்டோ விரிவாக்கத்துக்காக 1996இல் வாஷிங்டனில் ஒரு குழு முளைத்தது. அதை நடத்திய புரூஸ் ஜாக்சன் அப்போது லாக்ஹீட் மார்ட்டின் என்ற அமெரிக்க ஆயுத நிறுவனத்தின் துணைத்தலைவர். 2003இல் போலந்து அதே நிறுவனத்தின் எஃப்-16 போர் விமானங்கள் 48ஐ வாங்க ஒப்பந்தம் போட்டது. ஆனால் பின்லாந்தைப் பாருங்கள். அமெரிக்காவின் 64 எஃப்-35 விமானங்களை வாங்குவதென்று அது முடிவெடுத்தது 2021 டிசம்பரில். நேட்டோவில் சேர விண்ணப்பித்தது 2022 மே மாதத்தில்தான். விமானம் விற்க நேட்டோ தேவைப்படவில்லை.

'இழுத்துப்போட்டது' என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 1993 ஏப்ரலில் வாஷிங்டனுக்கு வந்த செக் அதிபர் ஹாவெலும் போலந்து அதிபர் வலேசாவும் தங்களைச் சேர்த்துக்கொள்ளும்படி அமெரிக்க அதிபர் கிளிண்டனிடம் நேரிலேயே வற்புறுத்தினார்கள். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகனுக்கு இதில் ஆர்வமே இல்லை. கூட்டுப் பயிற்சி உண்டு, பாதுகாப்பு உத்தரவாதம் கிடையாது என்ற ஓர் அரைகுறை ஏற்பாட்டை 1994இல் முன்வைத்தார்கள். அவசரம் வேண்டாம் என்று வாதாடிய பாதுகாப்பு அமைச்சர் வில்லியம் பெர்ரி, பதவி விலகுவதைப் பற்றிக்கூட யோசித்தார். பனிப்போர்க் கொள்கையை வகுத்த ஜார்ஜ் கென்னனே 1997இல் நேட்டோ விரிவாக்கம் பெரும் பிழை என்று எழுதினார். யாரும் கேட்கவில்லை. மிச்சிகனிலும் இல்லினாயிலும் போலந்து வம்சாவளியினரின் ஓட்டு இருந்ததே! 1999க்குள் முதல் நாடுகள் சேர்க்கப்படும் என்று கிளிண்டன் அறிவித்தது மிச்சிகனின் டெட்ராயிட்டில், 1996 அதிபர் தேர்தலுக்குச் சரியாக இரண்டு வாரம் முன்பு.

அமெரிக்காவின் பிடி எங்கே இருக்கிறது என்றால், நேட்டோ ஒப்பந்தத்தின் 10ஆவது பிரிவில். புதிதாகச் சேரும் நாடு தன் சேர்க்கை ஆவணத்தை நேட்டோ தலைமையகம் இருக்கும் பிரஸ்ஸல்ஸில் கொடுப்பதில்லை, அமெரிக்க அரசிடம் கொடுக்கிறது. 1999 மார்ச் 12 அன்று மிசௌரி மாநிலத்தில், ட்ரூமன் நூலகத்தில் வைத்து, போலந்து, ஹங்கேரி, செக் குடியரசு மூன்றின் ஆவணங்களையும் வாங்கிக்கொண்டவர் அப்போதைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் மேடலின் ஆல்பிரைட். ப்ராகில் பிறந்து, குழந்தைப் பருவத்தில் முதலில் ஹிட்லருக்கும் பிறகு கம்யூனிஸ்டுகளுக்கும் தப்பி ஓடிய குடும்பத்துப் பெண். அவரிடம் போய் ஆயுத வியாபாரம் என்று சொல்லிப்பார்த்திருக்க வேண்டும்.

நேட்டோவில் சேரும் நாடுகள் ராணுவத்தை நவீனப்படுத்துவது என்று சொல்வதும் பெரும்பாலும் சலிப்பூட்டும் வேலைதான். 152 மில்லிமீட்டர் சோவியத் பீரங்கியை விட்டு நேட்டோ அளவான 155க்கு மாறுவது, ரஷ்ய மொழியில் பயின்ற அதிகாரிகள் ஆங்கிலம் கற்பது.

நீங்கள் குற்றம் சாட்ட வேண்டிய இடம் 2008 ஏப்ரல், நேட்டோவின் புக்கரெஸ்ட் மாநாடு. உக்ரைனையும் ஜார்ஜியாவையும் உறுப்பினராக்கும் வழியில் ஏற்றிவிட வேண்டும் என்று அமெரிக்க அதிபர் புஷ் பிடிவாதம் பிடித்தார். ஜெர்மனியின் மெர்க்கலும் பிரான்ஸின் சர்க்கோசியும் மறுத்தார்கள். சமரசமாக வந்த அறிக்கை, அந்த இரு நாடுகளும் ஒருநாள் உறுப்பினர்கள் ஆகும் என்றது. தேதி இல்லை, அதுவரை பாதுகாப்பும் இல்லை. இலையைப் போட்டு உட்காரவைத்துவிட்டு, சாதம் எப்போது என்று சொல்லாமல் போன கதை. ரஷ்யாவுக்கு எரிச்சல் மூட்ட அது போதும், அந்த இரண்டு நாடுகளையும் காக்கப் போதாது. அந்த ஆகஸ்டிலேயே ஜார்ஜியாவில் போர் வந்தது. உக்ரைன் மீது படையெடுத்த குற்றம் புதினுடையது, அதை யாருக்கும் பங்கு பிரித்துக் கொடுக்க நான் தயாரில்லை. ஆனால் உக்ரைனை அப்படி நடுவில் நிறுத்தியதில் வாஷிங்டனுக்குப் பெரும் பங்கு உண்டு.

அன்புடன்